இட்லி அடைத்த காலை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 28 வருஷம் டிரெஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும், எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்காவது ஏதாவது என்றால் முதலில் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுகிறார்கள்.

அன்று பசியாறும் நேரம். எதிர்வீட்டு மருமகள் ஓடி வந்தாள். "டிரெஸரய்யா, மாமிக்கு இட்லி அடைச்சிருச்சு. ஆனா ஒன்னும் செய்யக்கூடாதுன்னு டாக்டர் தாள் கொடுத்திருக்காரே!"

மாமிக்குப் புற்றுநோய், கடைசிக் கட்டம். அவர் சொல்லி டாக்டர் எழுதிய தாள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. மாமி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்திருந்தார். இருமலே வரவில்லை; உதடு நீலம் பாரித்துவிட்டது. முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினேன். நாலாவது தட்டில் துண்டு பாயில் விழுந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "காப்பி ஆறிப்போச்சு" என்றார்.

அந்தத் தாள் மறுத்தது சிபிஆரை மட்டும். இதயம் நின்ற பிறகு நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவது அது. நோயில் தேய்ந்த உடம்பில் விலா எலும்பு முறியக்கூடும். தொண்டை அடைத்தவருக்கு இதயம் துடித்துக்கொண்டுதானே இருக்கிறது? ஐந்து தட்டு, பலிக்காவிட்டால் ஐந்து முறை வயிற்றை அழுத்துவது, இதெல்லாம் முதலுதவி; தாள் அதைத் தடுக்கவில்லை. வழுக்கி விழுந்தாலும் குளவி கொட்டினாலும் அப்படித்தான். 'இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயலாதே' (Do Not Resuscitate) என்பதை டிஎன்ஆர் என்று மூன்றெழுத்தில் சுருக்கியதால் வந்த வினை, 'ஒன்னும் செய்யாதே' என்று வீட்டார் காதில் விழுகிறது.

சரி, அடைத்ததாலேயே இதயம் நின்றுவிட்டால்? சிக்கலே அங்கேதான். எளிதில் நீக்கக்கூடிய காரணம் என்றால் சிபிஆர் பொருந்தலாம், நோயாளி அதையும் தெளிவாக மறுத்திருந்தால் வேண்டாம் என்கிறது பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டி. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அதனால் தாள் எழுதும் அன்றே டாக்டரையும் நோயாளியையும் வைத்துக்கொண்டு கேட்டுவிடுங்கள்: சாப்பாடு அடைத்தால், கீழே விழுந்தால் என்ன செய்வது? பதிலையும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். 999 அழைத்தால், ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் தாளைக் காட்டுங்கள்.

ஏழு வாரம் கழித்து, மழை பெய்த ஒரு ராத்திரி, அதே மருமகள் வந்து கூப்பிட்டாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை, குடை பிடித்து நடந்து வந்தாள். நான் போய் மாமியின் நாடியைப் பார்த்தேன். நெஞ்சில் கை வைக்கவில்லை.