கல்யாணக் கேக்: பார்க்க ஒன்று, சாப்பிட ஒன்று

புதுச்சேரி நேயர்களுக்கு வணக்கம். கல்யாணக் கேக் செலவை எப்படிக் குறைப்பது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கேக் விற்றுப் பிழைக்கிறவளிடமே கேக் செலவைக் குறைக்க வழி கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் நம் ஊரில் கல்யாணத்துக்குக் கேக் என்றால் பெரும்பாலும் கிறிஸ்தவ வீடுகள்தான். காலையில் ஜென்மராக்கினி மாதா கோயிலில் பூசை, சாயங்காலம் விருந்து, நடுவில் கேக். இப்போது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரிசப்ஷனில் ஒரு பக்கம் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்க, மேடையில் மூன்றடுக்குக் கேக் நிற்கிறது. வில்லியனூர், பாகூர், அந்தப் பக்கம் கடலூர் மஞ்சக்குப்பம் என்று எந்த மண்டபத்துக்குப் போனாலும் இதே காட்சிதான்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். "அக்கா, இதே மாதிரி நாலு அடுக்கு வேணும், எவ்வளவு ஆகும்?" நான் பதிலுக்குக் கேட்பது, "எத்தனை பேர் சாப்பிடுவாங்க?" என்று. உடனே, "ஐந்நூறு பத்திரிகை அடிச்சிருக்கோம்" என்பார்கள். பத்திரிகைக் கணக்கு வேறு, கேக் கணக்கு வேறு. பந்தியில் பிரியாணியோ சாம்பார் சாதமோ, அப்புறம் பாயசம், ஐஸ்கிரீம், பீடா என்று முடித்து எழுந்தவர் கேக்குக்காகக் காத்திருக்க மாட்டார். மேடையைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள், பிள்ளைகள், மணமக்களின் நண்பர்கள், இவர்கள்தான் சாப்பிடுகிறவர்கள். ஐந்நூறு பேர் வருகிற வீட்டில் நூற்றைம்பது துண்டு போதும் என்பது என் அனுபவம். ஒரு துண்டு 40 கிராம் என்று வைத்தால் 6 கிலோ. நாலு அடுக்கு கேட்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு கிலோவில் போய் நிற்பார்கள். மிச்சம் இரவு பதினொரு மணிக்கு மண்டபத்து வாட்ச்மேனிடமும் வேன் டிரைவரிடமும் போகும். அவர்கள் சாப்பிடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நீங்கள் அதற்கும் அலங்காரக் கேக் விலைதான் கொடுத்திருப்பீர்கள்.

காசு எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் குறைக்க முடியும். மாவு, முட்டை, சர்க்கரைக்கு ஆகிற செலவு கொஞ்சம். வேலைக்குத்தான் விலை. அடுக்குகளைச் சமமாகச் சீவுவது, மேல் அடுக்கு கீழே அமுங்காமல் உள்ளே குச்சி நடுவது, சர்க்கரை மாவில் ஒவ்வொரு இதழாக உருட்டி ரோஜாப் பூ செய்வது, இதெல்லாம் ராத்திரி கண் விழித்துச் செய்கிற வேலை. அடுத்தது ஃபாண்டன்ட். கேக்கின் மேல் வழுவழுவென்று துணி போர்த்தியது போல இருக்கிறதே, அந்தச் சர்க்கரைப் போர்வை. படத்தில் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது கனமான சரக்கு. கேக்கைக் கிலோ கணக்கில் விற்கும்போது அந்தச் சர்க்கரையும் தராசில் ஏறுகிறது. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதனால் நான் சொல்கிற வழி இதுதான்: வெட்டுகிற கேக்கையும் சாப்பிடுகிற கேக்கையும் பிரித்துவிடுங்கள். மேடைக்கு அழகாக ஒரு சின்னக் கேக். பரிமாற, அதே ருசியில், பெரிய தட்டில் செவ்வகமாகச் சுட்ட சாதாரணக் கேக். அது உள்ளே சமையல்கட்டில் இருக்கட்டும். மணமக்கள் மேடையில் வெட்டுவார்கள், உள்ளேயிருந்து துண்டுகள் வரும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கணக்குக்கு ஒரு விலை வைத்துக்கொள்வோம். சாதா கிரீம் கேக் கிலோ 800 ரூபாய், ஃபாண்டன்ட் போட்ட அலங்காரக் கேக் 1600 ரூபாய். பத்துக் கிலோ அலங்காரக் கேக் 16,000 ஆகிறது. அதற்குப் பதில் தேவையான ஆறு கிலோவை மட்டும் இரண்டு கிலோ அலங்காரம், நாலு கிலோ சாதா என்று பிரித்தால் 3,200 கூட 3,200, மொத்தம் 6,400. வித்தியாசத்தில் ஒரு பட்டுச் சட்டையும் வேட்டியும் வாங்கிவிடலாம்.

"உயரம் வேண்டுமே, படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டாமா?" என்பவர்களுக்குத் தெர்மாகோல் அடுக்கு இருக்கிறது. மேல் அடுக்கு மட்டும் நிஜக் கேக், கீழே உள்ளதெல்லாம் தெர்மாகோல், வெளியே ஒரே அலங்காரம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940ல், சர்க்கரைத் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் கேக்கின் மேல் ஐசிங் போடுவதற்கே தடை வந்தது. அங்கே கல்யாண வீட்டார் சின்னக் கேக்கின் மேல் அட்டையில் செய்த அலங்காரக் கூட்டை வாடகைக்கு வாங்கிக் கவிழ்த்து வைத்தார்கள். அரச குடும்பம் மட்டும் 1947ல் இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கு ஒன்பது அடி உயரக் கேக் செய்துகொண்டது, அது வேறு கதை. ஆனால் தெர்மாகோல் என்றால் சும்மா கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். "உள்ளே ஒண்ணுமே இல்லையே அக்கா, அதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே என் கை வேலை இருக்கிறது. அதையும் தவிர்க்க வேண்டுமானால் அடுக்கவே வேண்டாம். உயரம் கூடக் குறைய மூன்று ஸ்டாண்ட் வைத்து மூன்று சின்னக் கேக்குகளைத் தனித்தனியாக வையுங்கள். குச்சி நடுகிற வேலை இல்லை, கூலியும் குறையும்.

வட்டமா சதுரமா என்பதிலும் காசு இருக்கிறது. எட்டு அங்குல வட்டக் கேக்கின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், எட்டு அங்குலச் சதுரம் 64. அதே உயரத்தில் கால் பங்குக்கு மேல் கூடுதல் கேக், வெட்டும்போது கோணல் துண்டும் விழாது. கிலோவுக்கு இல்லாமல் அளவுக்கு விலை சொல்கிற கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரை வைகாசியில் மண்டபத்தில் ஏசியை ஆறு மணிக்குத்தான் போடுவார்கள், கேக் நாலு மணிக்கே வந்து நிற்கும். வெண்ணெய் கிரீம் பூசிய கேக் வழியத் தொடங்கும். ஃபாண்டன்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்த்துப் பிசுபிசுக்கும். பாரிஸிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிற வீடுகளில் குரோக்கம்பூஷ் கேட்பார்கள். கிரீம் நிரப்பிய சின்னச் சின்ன உருண்டைகளைக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் ஒட்டிக் கோபுரமாக அடுக்குவது, பிரெஞ்சுக்காரர்களின் கல்யாணக் கேக். அந்தப் பாகு ஈரத்தை இழுத்து இளகும், கோபுரம் சாயும். மண்டபத்திலேயே கடைசி நேரத்தில் அடுக்க ஆள் வேண்டும், அதற்குத் தனிக் கூலி. ஆசை இருந்தால் அந்த உருண்டைகளைத் தட்டில் பரப்பிப் பரிமாறுங்கள். ருசியில் எந்தக் குறையும் வராது.

பரிமாறுகிற கேக்குக்கு எனக்குப் பிடித்தது நம் ஊர் விவிக்கம். கிறிஸ்துமஸுக்கு இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் செய்வது: ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை. மேலே கிரீம் எதுவும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். சில நாள் முன்னதாகவே செய்து வைத்துவிடலாம் என்பதால் கடைசி நேர அவசரக் கூலி இல்லை. ரம் சேர்ந்திருப்பதை மட்டும் விருந்தினருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரம் வேண்டாம் என்கிற வீடுகளில் ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைக்கலாம், அப்போது அத்தனை நாள் தாங்காது. சைவ வீடுகளில் முட்டை சேர்க்காத கேக் கேட்பார்கள். பரிமாறுகிற கேக் முழுவதையும் அப்படியே செய்துவிட்டால் எது யாருக்கு என்ற குழப்பம் இருக்காது.

சர்க்கரைப் பூவுக்குப் பதில் நிஜப் பூ வைத்தாலும் செலவு நன்றாகக் குறையும். ஆனால் மாலைக்கு வந்த பூவில் மிஞ்சியதை எடுத்துச் செருகிவிடாதீர்கள். மாலையில் அரளி இருக்கும், அரளி விஷம். பன்னீர் ரோஜா போதும். காம்பு கேக்குக்குள் இறங்காமல் வைத்து, சாப்பிடும் முன் எடுத்துவிடுங்கள்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடமும் ஒன்று உண்டு, அது வண்டி. அரியாங்குப்பம் தாண்டிக் கடலூர் ரோட்டில் வேகத்தடைகளை ஏறி இறங்குகிற கேக்கை, மச்சான் பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுவருவார் என்று திட்டமிடாதீர்கள். செய்கிறவரே கொண்டுவந்து வைக்கட்டும்.

மேடை அலங்காரக்காரர்கள் "பேக்கேஜில் கேக் ஃப்ரீ" என்பார்கள். கேக் வேண்டாம் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். வருகிற பதிலில் அந்த ஃப்ரீ கேக்கின் விலை தெரிந்துவிடும். கடையில் வாங்கினால் பில்லையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தால் எங்களிடம் பேரம் பேசாதீர்கள். கிறிஸ்துமஸ் ஆர்டரில் நாங்கள் நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது.

கடைசியாக, ரிப்பன் கட்டிய கேக் கத்தி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். மண்டபத்தில் அதற்கும் வாடகை கேட்கிறார்கள். நன்றி, வணக்கம்.