கேஷ் குப்பை அல்ல

வணக்கம் நேயர்களே. டேப்லெட் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும், "கேஷை அழிச்சுப் பாருங்க" என்ற பதில் உடனே வந்துவிடும். சொல்கிறவருக்கும் அது என்னவென்று தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. ஆனாலும் அழித்துவிடுகிறோம். இதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. இன்று மைக் கிடைத்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதில் இருக்கும் படங்கள், எழுத்துருக்கள், பக்கத்தை இயக்கும் நிரல்கள் எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு கணினியிலிருந்து இறங்கி வருகின்றன. பிரவுசர் அவற்றில் ஒரு பிரதியை உங்கள் டேப்லெட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பக்கத்துக்குப் போனால் மறுபடி இறக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைக்கூட அந்தத் தளமே பெரும்பாலும் சொல்லி அனுப்பும். இந்தப் பிரதிகள்தான் கேஷ். அது இருப்பதே வேகத்துக்காகத்தான்.

என் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! தினமும் ராத்திரி பிரவுசரில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் படுப்பார். வீடு பெருக்குகிற மாதிரி, அதில் அவருக்கு ஒரு திருப்தி. காலையில் புகார் ஆரம்பிக்கும். "நியூஸ் பக்கம் திறக்கவே மாட்டேங்குது." "டேட்டா மத்தியானத்துக்குள்ள தீந்துபோகுது." "பாஸ்வேர்டு கேக்குது, நேத்துதானே போட்டேன்?" டேப்லெட் பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வேறு.

"பெரியம்மா, அதை மெதுவாக்குறதே நீங்கதான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்று இறக்கிய படங்களை ராத்திரி அழித்தால், காலையில் அதே படங்கள் மறுபடி இறங்க வேண்டும். நேரமும் போகும், டேட்டாவும் போகும். பாஸ்வேர்டு கேட்பது குக்கீ போனதால். குக்கீ என்பது, வந்திருப்பது இன்னார் என்று தளம் அடையாளம் கண்டுகொள்ள நம்மிடம் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. 1994-இல், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுலி என்ற பொறியாளர் கொண்டுவந்த ஏற்பாடு அது. கேஷோடு சேர்த்துக் குக்கீக்கும் டிக் போட்டு அழித்தால், எல்லாத் தளமும் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும்.

"அப்போ அழுக்கு சேராதா?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்விதான். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு ஆப்புக்கும் கேஷுக்கென ஓர் அளவு ஒதுக்கப்படுகிறது. இடம் குறைந்தால், அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆப்பின் கேஷிலிருந்து டேப்லெட்டே நீக்க ஆரம்பிக்கும். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை.

"சரி, அப்போ அந்த பட்டனை எதுக்குடா வச்சிருக்கான்?" விடமாட்டார்.

கேஷ் கெட்டுப்போவதும் உண்டு, அதற்காகத்தான். தேர்வு அட்டவணையை மாற்றிவிட்டார்கள், எல்லோருக்கும் புதியது தெரிகிறது, உங்களுக்கு மட்டும் பழையதே வருகிறது. அல்லது பக்கம் கோணல் மாணலாக, பாதி எழுத்தும் பாதி வெள்ளையுமாக நிற்கிறது. அப்போதும் உடனே அழிக்காதீர்கள். முதலில் அதே முகவரியை குரோம் பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில், ஐபேடின் சஃபாரி பிரவுசர் என்றால் பிரைவேட் பகுதியில், திறந்து பாருங்கள். அது பழைய கேஷையும் குக்கீயையும் தொடாது. அங்கே சரியாக வந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் டேப்லெட்டில் தங்கியிருக்கும் பழைய சரக்கில்தான். அங்கேயும் கோணலாகவே வந்தால் பெரும்பாலும் தளத்தில்தான் ஏதோ பிரச்சினை, கேஷை அழித்துப் பயனில்லை. இந்த ஒரு சோதனையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

அழிக்க வேண்டியிருந்தாலும் ஒரு தளத்துக்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். குரோமில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தைத் தொட்டால், அந்தத் தளம் வைத்திருக்கும் குக்கீயையும் தரவையும் மட்டும் நீக்க வழி இருக்கிறது. அது போதவில்லையா? மொத்தமாக அழிக்கும் திரைக்குப் போய், படங்களும் ஃபைல்களும் என்ற வரியில் மட்டும் டிக்கை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, சேமித்த பாஸ்வேர்டு என்ற வரி இருந்தால், அதில் டிக் இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

அடுத்தது ஆப். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அப்புறம் ஸ்டோரேஜ் என்று போனால் இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று கிளியர் கேஷ். இன்னொன்று கிளியர் டேட்டா. சில டேப்லெட்டுகளில் கிளியர் ஸ்டோரேஜ் என்று இருக்கும். முதலாவது பெரும்பாலும் சாது, தேவையானதை ஆப் மறுபடி சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது, அந்த ஆப்பை இன்றுதான் நிறுவியது போல ஆக்கிவிடும். கணக்கு எதுவும் தொடங்காமல் ஒரு நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்தவை, ஆஃப்லைனில் பார்க்க இறக்கிய வீடியோக்கள், விளையாட்டில் தாண்டிய கட்டங்கள் எல்லாம் போய்விடும். இரண்டையும் இவ்வளவு நெருக்கமாக வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கிளியர் டேட்டாவைத் தொடும் முன், உள்ளே இருப்பதற்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஐபேட் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் கேஷ் அழிக்கும் பட்டன் கிடையாது. ஆஃப்லோடு செய்தால் ஆப் மட்டும் போகும், அதன் தரவு அங்கேயே இருக்கும். சஃபாரியில் ஹிஸ்டரியை அழித்தால், ஆப்பிள் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஐகிளவுட் இருக்கும்போது உங்கள் ஐபோனிலும் ஹிஸ்டரி போய்விடும், அதை மறக்காதீர்கள். ஒரே ஒரு தளம் என்றால் சஃபாரி செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு, அதில் வெப்சைட் டேட்டா. டேப்லெட்டைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் கிளீனர் ஆப்கள் பற்றிக் கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு ஒரே வரி: வேண்டாம். வணக்கம்.