படம் எடுக்க ஊரிடம் பணம் கேட்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசப்போகிறேன். திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறேன். இப்போது ஒன்றரை மணி நேரப் படத்துக்குக் கதை தயாராக இருக்கிறது. கணக்குப் போட்டால் 20 லட்சம் வருகிறது. தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. மக்களிடமே பணம் திரட்டலாமா? அரசாங்க உதவி ஏதாவது உண்டா? எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்?"

திரட்டலாம் தம்பி. தாராளமாகத் திரட்டலாம். ஆனால் முதலில் பணம், படம், கடைசியில் பார்வையாளர் என்று நீங்கள் வைத்திருக்கிற வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பார்க்கிறவர்கள் முதலில் சேர வேண்டும். மக்கள் பணத்தில் எடுத்து முடித்த படங்களைப் பார்த்தால், பணம் கேட்பதற்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் இருந்திருக்கிறது.

ஜான் ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவரை 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவராகத் தெரியும். 1977இல் வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். அதே மனிதர் 1984இல் கேரளத்தில் நண்பர்களோடு சேர்ந்து 'ஒடேஸா' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். தயாரிப்பாளர் வேண்டாம், விநியோகஸ்தர் வேண்டாம், மக்கள் காசில் எடுத்து மக்களுக்கே காட்டுவோம் என்பதுதான் திட்டம். கொட்டடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வெறுங்கையோடு போய் நிற்கவில்லை, புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பேச்சே இல்லாத படம். குழந்தை முதல் கிழவி வரை யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. படம் முடிந்ததும், இதுபோல நாங்களும் ஒரு படம் எடுக்கப்போகிறோம், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் நாலு பேர் வந்து "படம் எடுக்கிறோம், காசு கொடுங்கள்" என்றால் யார் கொடுப்பார்கள்? சாயங்காலம் முழுக்கத் தெருவில் உட்கார்ந்து சிரித்து, அழுது, ஒரு நல்ல படம் என்றால் என்னவென்று உடம்பிலேயே உணர்ந்த பிறகு கேட்டால் கொடுப்பார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிகிறது அல்லவா? அப்படிச் சேர்ந்த பணத்தில் 1986இல் வந்ததுதான் 'அம்ம அறியான்'. ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா பால். இறந்துபோன இளைஞன் ஒருவனின் அம்மாவுக்குச் செய்தி சொல்லக் கிளம்புகிறவர்கள், போகிற வழியெல்லாம் ஆள் சேர்ந்து ஒரு கூட்டமாக அந்த அம்மாவிடம் போய்ச் சேருகிற கதை. முடிந்த படத்தை வியாபார நோக்கமில்லாமல் கேரளம் முழுக்கத் திரையிட்டார்கள்.

அடுத்த வருஷமே, 1987 மே மாதக் கடைசியில், ஜான் இறந்துவிட்டார். முழுநீளக் கதைப்படமாக ஒடேஸா எடுத்தது அந்த ஒன்றுதான். அதையும் நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மக்கள் பணம் திரட்டுவது கடுமையான உடலுழைப்பு. இயக்குநரே வசூலும் பண்ணி, படமும் எடுத்து, பெட்டியும் தூக்கினால் சீக்கிரம் தேய்ந்துபோவார். ஆனாலும் அந்த இயக்கத்தில் இருந்த ஒடேஸா சத்யன் அந்த வேலையை விடவில்லை. அதே வழியில் ஆவணப்படங்கள் எடுத்து, 2014இல் இறக்கும் வரை இதைத் தூக்கிச் சுமந்தார். அப்படி ஒரு சத்யன் உங்கள் நண்பர்களில் இருக்கிறாரா என்று பாருங்கள். கேமராமேன் கிடைப்பதைவிட அவர் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது, 'மந்தன்'. ஷியாம் பெனகல் 1976இல் இந்தியில் எடுத்தது. குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் 5 லட்சம் பேர், ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து 10 லட்சம் ரூபாய் திரட்டினார்கள். படம் வெளியானதும் அந்த விவசாயிகளே வண்டி வண்டியாக வந்து பார்த்தார்கள். எங்கள் படம் என்று வந்தார்கள். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, 2024இல், அதைப் புதுப்பித்துக் கான் விழாவில் திரையிட்டார்கள். இங்கே கூட்டத்தைப் பெனகல் உண்டாக்கவில்லை, கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே இருந்தது. அதனால் உங்கள் ஊரில் ஏற்கெனவே கூடியிருக்கிறவர்கள் யார் என்று தேடுங்கள். நெசவாளர் சங்கம், நூலக வாசகர் வட்டம், படித்த கல்லூரியின் பழைய மாணவர்கள், ஆசிரியர் அமைப்பு. உங்கள் கதை அவர்களில் யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ, அவர்களிடம் முதலில் போங்கள்.

நமக்குப் பக்கத்தில் இன்னொரு உதாரணம் கன்னடத்தில் வந்த 'லூசியா', 2013. இயக்குநர் பவன் குமார் இணையத்தில் வெளிப்படையாக எழுதி, ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 50 லட்சம் திரட்டினார். கொடுத்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அது இணையத்தில் சேர்ந்த கூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இந்த இடத்தில் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நன்கொடையாக வாங்கினால், அல்லது டைட்டிலில் பெயர் போடுகிறேன், முதல் காட்சிக்கு டிக்கெட் தருகிறேன் என்று வாங்கினால் பெரிய சிக்கல் இல்லை. "ஒரு லட்சம் போடுங்கள், லாபத்தில் பங்கு தருகிறேன்" என்று பொதுவில் அறிவித்தால் அது வேறு விஷயம். பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவதற்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பின் விதிகள் உண்டு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டமும் இருக்கிறது. அதனால் லாபம் என்ற வார்த்தையை வாயில் எடுப்பதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வரவு செலவை மாதா மாதம் எல்லோரும் பார்க்கிற மாதிரி போடுங்கள்.

அப்புறம் அரசு உதவி. தமிழக அரசு, குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கு 7 லட்ச ரூபாய் மானியம் தருகிற திட்டம் வைத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது படம் முடிந்த பிறகு வருவது. கேமரா வாடகையை முன்னாலேயே கேட்பார்கள். கேரளத்தில் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் எடுக்கவே ஒன்றரைக் கோடி வரை தருகிறது. முதல் படம் எடுக்கிற பெண்கள் அந்தப் பணத்தில் படம் எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' அப்படி வந்ததுதான். இத்தனை படம் எடுக்கிற நம் மாநிலத்தில், கதையைப் படித்துப் பார்த்து முன்பணம் கொடுக்கிற திட்டம் வர வேண்டும். திரைத்துறையில் யாரையும் தெரியாத ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கதவு கிடையாது. இதை நான் எங்கே பேசினாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வெளிநாட்டு நிதிகளும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவோடு சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988இலிருந்து நம்மைப் போன்ற நாடுகளின் இயக்குநர்களுக்குக் கொடுத்துவருகிறது. அருண் கார்த்திக்கின் 'நசீர்' அந்த நிதி பெற்ற படம். கோயம்புத்தூரில், திலீப்குமாரின் தமிழ்ச் சிறுகதையை வைத்து எடுத்தது. 2020இல் அதே ராட்டர்டாமில், ஆசியப் படங்களுக்குக் கொடுக்கிற நெட்பாக் விருது வாங்கியது. அடுத்த ஆண்டே வினோத்ராஜின் 'கூழாங்கல்' அங்கே முதல் பரிசான டைகர் விருதை வாங்கியது. அரிட்டாபட்டிப் பக்கத்து வெயிலில் எடுத்த படம். அதைக் கோவாவில் நடக்கிற பிலிம் பஜாரில் இயக்குநர் ராம் பார்த்தார். அவர் சொல்லித்தான் விக்னேஷ் சிவன், நயன்தாரா நிறுவனம் உள்ளே வந்தது. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007இலிருந்து நடத்துகிற சந்தை அது, இப்போது வேவ்ஸ் பிலிம் பஜார் என்று பெயர். பாதி முடிந்த படத்தையும் அங்கே காட்ட முடியும். அதனால் 20 லட்சமும் கைக்கு வந்தால்தான் கேமராவைத் தொடுவேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். படத்தில் உங்களுக்கு ரொம்ப நம்பிக்கை உள்ள பத்து நிமிடத்தை முதலில் எடுங்கள். எழுதிய கதையைக் கையில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எடுத்த பத்து நிமிடத்தைக் காட்டினால் பார்த்துவிட்டுப் பேசுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. விழா என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு, திரையிடாமலேயே மாதா மாதம் விருதுச் சான்றிதழ் அனுப்புகிற இணையக் கடைகள் நிறைய இருக்கின்றன. எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிட்டார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். மதுரை உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே ஆவணப்பட இயக்குநர் அமுதனும் அவருடைய மறுபக்கம் அமைப்பும் 1998இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. போய் உட்கார்ந்து பாருங்கள், இயக்குநர்களோடு பேசுங்கள். அப்புறம் உங்கள் ஊரிலேயே மாதம் ஒரு திரையிடல் தொடங்குங்கள். சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன் நண்பர்களோடு 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை ஆரம்பித்தார். படம் பார்ப்பது, அதைப் பற்றிப் பேசுவது, இதுதான் முதல் வேலை. கூடவே படம் எடுக்கக் கூட்டுறவு அமைப்பும் உண்டாக்கினார்கள். அடூர் எடுத்த 'சுயம்வரம்' வந்தது 1972இல். மத்திய அரசின் பிலிம் பைனான்ஸ் கார்ப்பரேஷன் கடன் கொடுத்தது, மிச்சத்தைச் சித்ரலேகா போட்டது. சிறந்த படம், இயக்குநர், நடிகை, ஒளிப்பதிவு என்று நான்கு தேசிய விருது. நடுவில் ஏழு வருஷம் இருக்கிறது, கவனித்தீர்களா?

திரையிடலை எப்படி நடத்துவது? பெரிய அரங்கம் வேண்டாம். நூலகத்தின் மாடி, பள்ளிக்கூட வகுப்பறை, முகூர்த்தமில்லாத நாளில் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், எதுவானாலும் சரி. வெளிச்சம் வராமல் ஜன்னலை அடைக்கக் கறுப்புத் துணி வாங்குங்கள். திரை வெள்ளை வேட்டியாக இருந்தாலும் போதும், ஒலிபெருக்கி மட்டும் நன்றாக இருக்க வேண்டும். சுயாதீனப் படங்களில் பாதி வசனம் முணுமுணுப்பாக இருக்கும். கேட்கவில்லை என்றால் பத்தாவது நிமிடத்தில் ஆட்கள் போனை எடுத்துவிடுவார்கள். படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இணையத்தில் இருக்கிறது என்பதற்காக எடுத்துப் போடாதீர்கள். அவருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ, ஏதாவது தொகை கொடுங்கள். அந்தப் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால்தான் நாளைக்கு உங்கள் படத்துக்கும் இன்னொரு ஊர் கொடுக்கும். சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். படம், தேநீர், ஒரு மணி நேரப் பேச்சு. வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், போன மாதம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்று பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது உங்கள் 20 லட்சத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்ஜெட் தாளைப் பார்த்தேன். கேமரா, விளக்கு, சாப்பாடு, வண்டி, தங்குமிடம் எல்லாம் கவனமாகப் போட்டிருக்கிறீர்கள். எடிட்டிங்கோடு தாள் முடிந்துவிடுகிறது. வண்ணச் சீரமைப்பு, ஒலிக்கலவை, ஆங்கில சப்டைட்டில், தணிக்கைக் கட்டணம், தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதியான டிசிபி, விழாக்களுக்கான நுழைவுக் கட்டணம், எடுத்த காட்சிகளை இரண்டு இடத்தில் வைக்க ஹார்ட் டிஸ்க், இதெல்லாம் எங்கே? எத்தனையோ நல்ல படங்கள் படப்பிடிப்பு முடிந்த பிறகு இந்த இடத்தில்தான் நின்றுபோய்க் கிடக்கின்றன. ஊர் கொடுத்த பணம் அப்படி முடங்கினால், அடுத்து வருகிற பிள்ளைக்கு அந்த ஊர் கொடுக்காது. திரட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைப் படப்பிடிப்புக்குப் பிறகான வேலைக்கென்று பூட்டி வையுங்கள்.

இன்னொன்று. "நண்பர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்வார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். குறைவாகக் கொடுங்கள், பிறகு தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், ஆனால் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ஒரு தொகை இருக்கட்டும். வீட்டில் கஷ்டம் உள்ளவர்கள் சும்மா வந்து வேலை செய்ய முடியாது. சம்பளமில்லாத படத்தில் வசதியுள்ள பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். நீங்கள் எழுதியிருப்பது கூலி வேலைக்குப் போகிறவர்களின் கதை.

ஒலிப்பதிவு யார் செய்யப்போகிறார்கள் என்று தாளில் பெயர் இல்லை. படப்பிடிப்பிலேயே ஒலி எடுக்கிறீர்களா, டப்பிங் செய்யப்போகிறீர்களா என்று தெரியவில்லை. அதைப் பொறுத்துக் கணக்கு நிறைய மாறும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள் தம்பி, அடுத்த வாரம் ஒலியைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன்.