நம் பணத்தை எடுக்க ஒரு நாள் கூலியா?

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.

எல்லாம்தான் போனில் வந்துவிட்டதே, பேங்க் கிளையை மூடினால் என்ன என்று கேட்கிறார்கள். கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை கணக்கில்தான் விழுகிறது, வீட்டிலிருக்கும் மாமியாருக்கு முதியோர் பென்ஷனும் அப்படித்தான். அதை எடுக்க பஸ் பிடித்து டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் அன்றைய கூலி போச்சு.

ஏடிஎம் இருக்கிறதே என்பார்கள். மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் ஏடிஎம்மில் பணம் இல்லாமல் கிடந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி வைத்தது. நல்ல விதிதான். மெஷினையே கழற்றிக்கொண்டு போய்விட்டால் அபராதம் யாருக்கு?

சரி, கைரேகை வைத்தால் கடையிலேயே பணம் தரும் மினி பேங்க்? இருக்கிறது, நானும் குறை சொல்லவில்லை. ஆனால் தேயிலைக் கறை ஏறி, ரேகை தேய்ந்த விரலை அந்த மெஷின் ஏற்பதில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து வைக்கிறார், இல்லை. இடது கட்டை விரல், அதுவும் இல்லை. பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுகிறார். அப்படியே ரேகை விழுந்தாலும், கடைக்காரர் கல்லாவில் அன்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான். அந்தக் கல்லாவுக்கும் பணம் அதே பேங்க் கிளையிலிருந்துதான் வரவேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை! கிளை போனால் அவரும் பஸ் ஏற வேண்டும், மளிகைக்கடைக்காரர் வசூலைக் கட்டுவதற்கும் சில்லறை மாற்றுவதற்கும் பஸ் ஏற வேண்டும்.

2020 ஏப்ரலில் பத்து அரசு வங்கிகளை இணைத்து நான்காக்கினார்கள். ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு என்ற கேள்வி அப்புறம் வருவது இயல்பு, டவுனில் அது நியாயமும்கூட. கிராமத்தில் இருக்கிற ஒற்றைக் கிளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால்தான் கிராமக் கிளையை மூட மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். நம் ஊர்க் கிளை விஷயம் அங்கே வரும்போது நம் பேச்சும் அங்கே இருக்க வேண்டாமா? திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.