கணவாய்க்குத் தெற்கே ஒரு நீலக்குருவி

அவையோருக்கு வணக்கம். பறவைக் கையேட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அசம்பு மலையின் சோலைக்கிளியை அடையாளம் சொல்ல, இறகைவிட மலைதான் உதவும். பெயரில் கிளி இருந்தாலும் இது பச்சைக்கிளிச் சாதி அல்ல; ஈபிடிப்பான் குடும்பத்துச் சிறு குருவி.

2017இல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர் குழு இதைத் தனி இனமாக விவரித்து, 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினத்தில் வைத்தது. மரபணு, குரல், உடலளவு, நிறம் எல்லாவற்றையும் சேர்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி இனம். அதற்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெள்ளை வயிற்று இனம். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் போனால் அசம்பு இனம். உயர்மலைச் சோலைக்காட்டின் இருட்டுப் புதரிலேயே வாழும் பறவை, வெயில் காயும் தாழ்நிலத்தைக் கடப்பதில்லை. கணவாய்க்கு இருபுறமும் காலங்காலமாக உறவு அற்றுப்போனதால் இனவழி பிரிந்திருக்கிறது.

நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. அதைப் பிரித்தறிவது எளிது. மற்ற இரண்டும் சாம்பல் நீல மார்பும் வெள்ளை வயிறுமாய் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சோலை நிழலில் எடுத்த படத்தில் கேமராவே நீலத்தைக் கூட்டிவிடும், குறைத்துவிடும். அதைப் பார்த்து இனம் சொல்வது ஊகம்தான். உலகப் பறவைப் பட்டியல்கள் எல்லாமே அசம்பு இனத்தைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே, பதிவு செய்யும்போது ஜிபிஎஸ் புள்ளியும் உயரமும் கட்டாயம். பறவை தரையை ஒட்டியே திரிவதால் கண்ணைவிடக் காது முந்தும்; விடியலிலும் அந்தியிலும் போய் நில்லுங்கள். குரலை எம்பி3 ஆக அல்ல, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சுருக்கினால் மேல்சுருதியின் நுணுக்கம் போய்விடும். ஒப்பிட வேண்டியதே அதுதான். பாட்டு முடிந்ததும் இடம், நேரம், உயரத்தை உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் விவரம் தொலையாது.

பதிவு செய்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கெட்ட பழக்கம். எல்லையைக் காக்க ஆண் ஓடி வரும். அந்த நேரமெல்லாம் இரை தேடுவதும் கூட்டைக் கவனிப்பதும் நின்றுபோகும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி வைத்துக் கட்டும் கூட்டில் வழக்கமாக இரண்டே முட்டைகள்.

மரபணு ஆய்வுக்காக வலை கட்டிப் பறவையைப் பிடித்து ரத்தம் எடுப்பது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. எடுக்கும் ரத்தம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மழையோ பனிமூட்டமோ வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்த குருவி குளிரிலேயே செத்துவிடக்கூடும்.

கடைசியாக, உங்கள் பழைய நோட்டுகள். அசம்பு மலையின் மேல்கோதையாறு, குதிரைவெட்டிப் பக்கம் 'வெள்ளை வயிறு' என்று எழுதியவை இருந்தால் பெயரை அடிக்காதீர்கள். பக்கத்தில் 'செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கு' என்று குறியுங்கள். இடமே எழுதாத பதிவை எந்த இனத்துக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.