திருமுழுக்குப் பெற்ற பிறகும் துன்பம் ஏன்?

தேவகோட்டைக்கு அருகிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நானே விரும்பித் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றேன். அதன்பின் கணவரின் கடை நொடித்துப்போனது. மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா? வேறொரு சபையில் மீண்டும் முழுக்குப் பெறலாமா? கடன் அடையும்வரை கைக்குழந்தையின் திருமுழுக்கைத் தள்ளிவைக்கலாமா?"

சகோதரி, உங்கள் திருமுழுக்கில் எந்தக் குறையும் இல்லை. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் தண்ணீர் ஊற்றித் தரப்பட்ட திருமுழுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். அது பதிக்கும் முத்திரையைப் பாவம்கூட அழிப்பதில்லை என்று திருச்சபை போதிக்கிறது. பாவத்தால் அழியாதது கடனாலும் நோயாலும் அழிந்துவிடுமா?

இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றுக் கரையேறியபோது, "என் அன்பார்ந்த மகன்" என்ற தந்தையின் குரல் கேட்டது. அதுவரை அவர் ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை. உடனே ஆவியார் அவரைப் பாலைநிலத்துக்கு அனுப்பினார். அங்கே 40 நாள் பசி. அப்போது அலகை, அதாவது சாத்தான், "நீர் இறைமகன் என்றால்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறது. பசியைக் காட்டி மகன் என்ற உறவையே ஐயுற வைப்பதுதான் அதன் சூழ்ச்சி. இன்று உங்கள் கடனைக் காட்டி அதே கேள்வி உங்கள் மனத்திலும் எழுப்பப்படுகிறது.

நம் செட்டிநாட்டில் பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். முறைப்படி கூட்டிக்கொண்ட பிள்ளை, அந்த வீட்டின் கொண்டுவிற்றல் (வணிகம்) நொடித்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான். உரோமையர் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் தூய பவுலும் நம்மைக் கடவுளின் பிள்ளைகளாக ஏற்கப்பட்டவர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே கிறிஸ்துவோடு துன்பப்படுவதைப் பற்றியும் பேசுகிறார். சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் பெருவிரலால் உங்கள் நெற்றியில் வரைந்ததும் சிலுவை அடையாளம்தானே? நீங்கள் கிறிஸ்துவுக்கு உரியவர் என்று அன்றைக்கே அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஓரியூர் உங்களுக்குத் தொலைவில்லை. மறவர் இளவரசரான தடியத்தேவர் இயேசு சபைக் குருவான புனித அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றதைத் தொடர்ந்தே இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் சினம் மூண்டு, 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்டார். அந்தத் திருமுழுக்கு எவருக்கும் வசதியான வாழ்வைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அது பலிக்காமல் போயிற்று என்று அந்தச் செம்மணலில் முழந்தாளிடும் எவரும் சொல்லமாட்டார்கள்.

இதனால் நீங்கள் அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ஆம் திருப்பாடலை இயேசுவே சிலுவையில் கதறினார். நீங்களும் அவரிடமே முறையிடுங்கள். பெற்றவரிடம் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. வாய் திறந்து செபிக்க இயலாத நாளில், திருமுழுக்கு நாளில் செய்ததுபோல நெற்றியில் ஒரு சிலுவை வரைந்துகொண்டால் போதும்.

குழந்தையைப் பொறுத்தவரை, கடன் அடையட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். உறவினரை அழைத்து விருந்து வைப்பது நம் ஊர் வழக்கமே தவிர, திருமுழுக்குக்கு அது தேவையில்லை. தண்ணீரும், கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயும், வெள்ளை ஆடையும், பாஸ்காத் திரியிலிருந்து (உயிர்ப்பு விழாவின் பெரிய மெழுகுதிரி) ஏற்றும் மெழுகுதிரியும் கோயிலில் இருக்கின்றன. விசுவாசமுள்ள ஒருவரை ஞானத்தாயாகவோ ஞானத்தந்தையாகவோ தேர்ந்துகொண்டு, இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குக் குருவைப் பாருங்கள்; வீட்டு நிலைமையையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.