உள்ளே விழும் தழும்பு
(பல்லடத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடையே ஒரு சிறுநீரக மருத்துவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சு நேரா வந்தவங்களும் இருக்கீங்க. சுருக்கமாவே பேசறேன்.

கையில வெட்டுப்பட்டா தழும்பு விழுந்து ஆறிடுது. கிட்னியில விழற தழும்பு அப்படி இல்லீங்க. ஒரு கிட்னியில ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான் இருக்குது. ரத்தத்தை வடிகட்டறது அதுதான். சுகரும் பிரஷரும் வருசக்கணக்கா அதைப் புண்ணாக்குனா, உடம்பு கொலாஜன்ங்கிற நாரைக் கொட்டி அந்த இடத்தை அடைக்குது. நார் இறுக இறுக, பக்கத்துல ஓடற மெல்லிய ரத்தக்குழாய்க அழியுது. ஆக்சிஜன் பத்தாம அடுத்த நெஃப்ரானும் சாகுது. செத்தது திரும்ப முளைக்காது.

பத்துப் பேர் ஓட்டற தறிக்கூடத்துல நாலு பேர் நின்னுட்டா, மீதி ஆறு பேர் இழுத்துப் போட்டு ஓட்டுவாங்க. துணி குறையாது, முதலாளிக்கும் தெரியாது. அந்த ஆறு பேர் எத்தனை நாளைக்குத் தாங்குவாங்க? மிச்ச நெஃப்ரானும் அப்படித்தான் அளவுக்கு மீறி வடிகட்டித் தேயுது. அதனாலதான் பாதி போற வரைக்கும் கிரியேட்டினின், அதாவது நீங்க உப்புன்னு சொல்ற ரத்தக் கழிவு, சரியாவே காட்டும். "உப்பு ஏறிடுச்சுங்க"ன்னு எங்ககிட்ட வர்றப்ப பாதிக் கிணறு வத்தியிருக்கும். ஸ்கேன்ல கிட்னி சுருங்கித் தெரியும். சுகர்காரங்களுக்குச் சுருங்காமயும் இருக்கும், அதை நம்பி ஏமாந்துடாதீங்க.

முன்னாடியே காட்டிக் கொடுக்கறது ஒண்ணுக்குல ஒழுகற ஆல்புமின்ங்கிற புரதம். ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்னு கேட்டு எடுங்க. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருந்து, 3 மாசம் கழிச்சும் அப்படியே இருந்தா டாக்டரை விடாதீங்க.

நின்னு நின்னு இடுப்பு வலிக்குதுன்னு மருந்துக்கடையில டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறீங்களே, அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். வேர்த்து, தண்ணி குடிக்காம இருக்கற அன்னைக்கு இன்னும் மோசம்.

பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அது தப்புங்க. ராமிப்ரில், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரைக வடிகட்டிக்குள்ள இருக்கற அழுத்தத்தைக் குறைச்சு, தழும்பு பரவறதைத் தாமதப்படுத்தும். ஆரம்பத்துல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. ரெண்டு வாரத்துல ரத்தம் குடுத்துப் பாருங்க. பொட்டாசியமும் சேர்த்துப் பாக்கணும். அது ஏறியிருந்தா, பொட்டாசியம் நிறைய இருக்கற பொள்ளாச்சி இளநீர்கூட உங்களுக்கு ஆகாதுங்க.